செய்கூலி

தமிழில் கம்பி என்ற சொல்லுக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. கடன் வாங்கியவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனால், 'கம்பி நீட்டிவிட்டான்' என்கிறோம். அவனே அகப்பட்டுச் சிறைக்குப் போனால், 'கம்பி எண்ணுகிறான்' என்கிறோம். ஓடினாலும் கம்பி, பிடிபட்டாலும் கம்பி! அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கிற இடம் சமையலறை ஒன்றுதான். சர்க்கரைப் பாகு இரண்டு விரல்களுக்கு நடுவே இழையாக நீளும்போது, 'கம்பிப் பதம் வந்துவிட்டது' என்று வீட்டுப் பெண்கள் சொல்லும் குரலில் ஒரு மகிழ்ச்சி இருக்கும்.

இதே கம்பியை ஒருவர் எடுத்து வளைத்து மணிக்கட்டில் பூட்டிவிட்டால் அதன் பெயரே மாறிவிடுகிறது. அப்போது அது காப்பு. நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் கௌரவம் சாதாரணமானதன்று. நூல் எழுதத் தொடங்கும் புலவர் முதலில் பாடுவது காப்புச் செய்யுள். திருவிழா தொடங்கக் கட்டுவது காப்பு. கருவுற்ற பெண்ணுக்குச் செய்வது வளைகாப்பு. பிறந்த குழந்தையின் கையில் இடுவதும் காப்புத்தான். அணிகலனையும் பாதுகாப்பையும் ஒரே சொல்லால் குறித்த முன்னோர்கள், அழகுக்காக மட்டும் இதைக் கையில் போட்டுக்கொள்ளவில்லை என்பது தெரிகிறது.

யாரை யார் காக்கிறார்கள்? அணிந்தவரைக் காப்பு காக்கிறதா? அணிவித்தவரின் அன்பு காக்கிறதா? அல்லது அந்தக் காப்பைச் செய்த கையை நாம் காக்க வேண்டும் என்பதும் இந்தச் சொல்லுக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா? வீட்டில் உட்கார்ந்து கையால் முறுக்கிய ஒரு சாதாரணக் கம்பிக் காப்புக்கு என்ன விலை சொல்லலாம் என்ற சின்னக் கேள்வியிலிருந்துதான் எனக்கு இந்தப் பெரிய கேள்விகள் எல்லாம் எழுந்தன.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை வாசகர்களில் பலர் பார்த்திருக்கலாம். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறினால்தான் மலை உச்சி வரும். மலைமேல் பதினான்கு நாடுகள். நாடு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். சில சிற்றூர்களின் தொகுப்புத்தான் அங்கே ஒரு நாடு. வளவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு என்று வரும் அந்த வரிசையில் குண்டனி நாடும் ஒன்று. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையில் வாழ்வதால் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ். ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் நிறைந்திருந்த சரிவுகளில் இன்று மிளகும் காப்பியும் மரவள்ளியும் மிகுந்துவிட்டன.

ஒரு தை மாதக் கடைசியில் நண்பர் ஒருவரோடு குண்டனி நாட்டுக்குப் போயிருந்தேன். நண்பருக்குக் கணக்குத் தணிக்கை தொழில். எதைப் பார்த்தாலும் அதன் வரவும் செலவும் அவர் மனத்தில் தாமாகவே இரண்டு பத்திகளாகப் பிரிந்து நின்றுவிடும். நல்ல மனிதர். நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டு வாசலில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண், பன்னிரண்டு வயது இருக்கலாம், ஜன்னல் கம்பியில் மூன்று செப்புக் கம்பி இழைகளைச் சேர்த்துக் கட்டி, மறுமுனையில் ஒரு குச்சியைச் செருகித் திருகிக்கொண்டிருந்தாள். கிணற்று மோட்டாரின் காயில் எரிந்து போயிருக்கிறது. புதுக் கம்பி சுற்ற வந்தவர் பழைய கம்பியில் கைப்பிடி அளவு அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மோட்டாரை எரித்த அதே சூடு கம்பியை மிருதுவாக்கியிருந்தது. செம்பின் குணம் அது. நெருப்பில் பட்டால் இளகும். முறுக்க முறுக்க விறைக்கும்.

இழை மூன்றும் ஒன்றான பிறகு அதை உலக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வளையமாக்கினாள். கடைசியில் ஒரு சின்னக் குறட்டால் முனைகளைப் பிடித்தபோது, மிளகைத் துழாவிக்கொண்டிருந்த தாய் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "மொனையை உள்ள மடக்கு பாப்பா. புள்ள கையைக் கிழிச்சுரும்."

அவள் முனைகளை உள்ளே மடக்கி, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, கன்னத்தில் ஒருமுறை உரசிப் பார்த்து, நாலு வயதுத் தங்கையின் கையில் மாட்டினாள்.

நண்பர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "தங்கமாக இருந்தால் ஒரு பவுன் தேறும்" என்று சிரித்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "இதை எனக்குக் கொடுத்துவிடேன் பாப்பா, நூறு ரூபாய் தருகிறேன்" என்றார். ஊரில் இருக்கும் தம் பேத்தியின் நினைவு அவருக்கு.

அவள் தாயைப் பார்த்தாள். தாய் வாய் திறக்கவில்லை.

"இது தங்கச்சிக்குச் செஞ்சதுங்க, சார். உங்களுக்கு வேணும்னா அளவு சொல்லுங்க. வேற ஒண்ணு சுத்தித் தாறேன்."

"அதற்கு என்ன விலை?"

"வெலையா? சும்மாதாங்க!"

பேத்தியின் கை எவ்வளவு இருக்கும் என்று நண்பர் தம் விரல்களை வளைத்துக் காட்ட, அவள் ஒரு வாழை நாரைக் கிழித்து அளவெடுத்துக்கொண்டாள். மாலையில் நாங்கள் புறப்படும்போது காப்பு தயாராக இருந்தது.

மலை இறங்கும்போது எழுபது வளைவுகளிலும் நண்பர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். எட்டுக் கிராம் செம்பு. இன்றைய விலையில் ஏறத்தாழப் பத்து ரூபாய். அதுவும் அவளுக்கு இலவசமாக வந்தது. ஒரு மணி நேர வேலை. நூறு ரூபாய் என்பது நல்ல விலை. "பாவம், அந்தக் குழந்தைக்கு வியாபாரம் தெரியவில்லை" என்று முடித்தார்.

நண்பர் சொன்னது சரியா? இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. நாமெல்லாரும் அவரைப் போல்தான் நினைக்கிறோம். விலை தெரியாதவன் ஏமாளி என்பது நமது காலத்தின் வேதம்.

விலை என்பது கெட்ட பொருளன்று. அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. கடையில் காசைக் கொடுத்துப் பொருளை வாங்கியதும் கடைக்காரருக்கும் நமக்கும் கணக்குத் தீர்ந்து போகிறது. அவர் முகத்தை நாம் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்கு நாம் நன்றிக்கடன் பட வேண்டியதில்லை. முன்பின் தெரியாத இரண்டு மனிதர்கள் சண்டை இல்லாமல், பணிவு இல்லாமல், சமமாக நின்று பொருளை மாற்றிக்கொள்ள விலை உதவுகிறது. ஒருவர் தயவில் வாழ வேண்டியிருந்த எத்தனையோ ஏழைகளை விலை விடுதலை செய்திருக்கிறது.

ஆனால், கணக்கைத் தீர்ப்பதுதான் விலையின் குணம் என்றால், தீரக்கூடாத கணக்குகளும் வாழ்க்கையில் இருக்கின்றன அல்லவா? தங்கைக்கும் அக்காளுக்கும் நடுவே உள்ளது அப்படி ஒரு கணக்கு. நூறு ரூபாய்க்கு விற்றிருந்தால் அந்தக் காப்பு அன்றைக்கே முடிந்து போயிருக்கும். தங்கையின் கையில் இருப்பதால் அது முடியாமல் இருக்கிறது. நாளைக்கு அது கறுத்துப் போகும். கை பெருத்துப் போட முடியாமல் போகும். ஆனாலும், 'எங்க அக்கா சுத்திக் குடுத்தது' என்ற சொல் மட்டும் அந்தக் குழந்தை பாட்டியான பிறகும் இருக்கும்.

உலகத்தில் இப்படி ஒரு கைவேலை இரண்டு எதிரிகளுக்கு நடுவேகூட நூலாக இருந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளைச் சிறையில் வைத்தவர் ஜெனரல் ஸ்மட்ஸ். அந்தச் சிறையில் அடிகள் தம் கையாலேயே ஒரு ஜோடி செருப்புத் தைத்தார். 1914-ஆம் ஆண்டு அந்த நாட்டைவிட்டுப் புறப்படும்போது அதை ஸ்மட்ஸுக்கே பரிசாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் பல கோடைகள் அதை அணிந்தார். 1939-இல், அடிகளின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி அதைத் திருப்பி அனுப்பினார். இத்தகைய ஒரு பெரியவரின் செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதி இல்லை என்று அவர் எழுதினார். ஸ்மட்ஸ் அந்தச் செருப்புக்கு அன்றே விலை கொடுத்திருந்தால், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவருக்கு அப்படி ஒரு வார்த்தை எழுத வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்காது.

கொடுப்பதையும் கொள்வதையும் பற்றிப் பேசும்போது கொல்லிமலையில் ஒருவரை மறந்துவிட்டுப் பேச முடியாது. வல்வில் ஓரி அந்த மலைக்குத் தலைவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவன் சிலை நிற்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆண்டுதோறும் அரசாங்கம் அவனுக்கு விழா எடுக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடியிருக்கிறார். 153-ஆம் பாட்டில் ஓரியின் முன்கையிலும் ஒரு கடகம் இருக்கிறது. அவனிடம் போன பாணர் கூட்டத்துக்கு யானைகளோடு இன்னொன்றும் கிடைத்தது: குளிர்ந்த நீரில் பூக்காத குவளை மலர்கள். மணிகளால் செய்த அந்த மலர்களை வெள்ளி நாரில் தொடுத்திருந்தார்கள். வெள்ளி நார் என்றால் வேறென்ன? வெள்ளிக் கம்பிதான். அந்த மலையின் பழைய கொடையிலேயே கம்பிவேலை இருக்கிறது!

பாட்டின் முடிவுதான் என் மனத்தை விட்டு அகலவில்லை. பரிசு பெற்று, வயிறார உண்ட அந்தப் பாணர்கள் ஆடவும் மறந்தார்கள், பாடவும் மறந்தார்கள் என்று புலவர் வியக்கிறார். பசி போய்விட்டதால் கலையும் போய்விட்டதோ என்று அவர் கேட்பதுபோல் இருக்கிறது. ஓரியின் கொடையைப் புகழ்வதற்காகச் சொன்னது அது. ஆனால் இன்றைக்கு அதைப் படிக்கும்போது வேறொரு எண்ணம் தோன்றுகிறது. பசி தீர்ந்ததும் பாட்டு நின்றுவிட்டது என்றால், அதுவரை நாம் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டா, பசியா?

'கலைஞனுக்குக் கொஞ்சம் பசி வேண்டும். நிறையக் கொடுத்தால் வேலை செய்யமாட்டான்' என்று சொல்லும் நல்லவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கூலி கொடுக்கும் இடத்தில் இந்தத் தத்துவம் மிகவும் உபயோகமானது. ஆனால் குண்டனி நாட்டுப் பெண் அதைப் பொய்யாக்கிவிட்டாள். அவள் பசிக்காக முறுக்கவில்லை. வயிறு நிறைந்து, வீட்டு வேலை முடிந்து, கை சும்மா இருக்க மாட்டாமல் முறுக்கினாள். மனித குலத்தின் நகைகளில் முதல் நகை இப்படித்தான் பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1926-இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கல நடனப் பெண்ணின் சிலை ஒரு சாணுக்கும் குறைவான உயரம்தான். அவள் உடம்பில் உடை இல்லை. ஆனால் இடக்கை முழுவதும் தோள்வரை வளையல்கள்! உடை இல்லாத சிலைக்கும் வளையல் இல்லாமல் முடியவில்லை, அதை வார்த்தவனுக்கு.

இப்படி அன்பையும் கைவேலையையும் புகழ்ந்து கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். படிக்கிறவர்களுக்கும் சுகமாக இருக்கும். ஆனால் அது பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்லி நிறுத்துவது பல சமயங்களில் முழுப் பொய்யைவிடத் தீங்கு செய்கிறது.

மலையிலிருந்து இறங்கி ஏதாவது ஒரு பேருந்து நிலையத்தில் வந்து நில்லுங்கள். அங்கேயும் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து குறட்டால் கம்பி வளைத்துக்கொண்டிருப்பாள். ஊசிமணியும் பாசிமணியும் கோக்கும் நரிக்குறவப் பெண் அவள். மடியில் குழந்தை தூங்கும். பக்கத்தில் விரித்த துணியில் மாலைகளும் கைவளையங்களும் கிடக்கும். கண் பார்வை அளவாகவும் விரல் குறடாகவும் அவள் செய்கிற வேலை, ஜன்னல் கம்பியில் அந்தச் சிறுமி முறுக்கிய வேலையைவிட நுட்பமானது. அவளும் முனைகளை உள்ளே மடக்கித்தான் செய்கிறாள். அந்தச் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் இசைந்தது. அத்தனை காலம் காத்திருந்த மக்கள் அவர்கள்.

அவளிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்? "இந்தக் கம்பிக்கு ஐம்பது ரூபாயா? இருபது ரூபாய்க்குக் கொடு." அவள் நாற்பது என்பாள். நாம் நடக்கத் தொடங்குவோம். நாலடி போனதும் அவளே கூப்பிடுவாள் என்பது நமக்குத் தெரியும். கூப்பிடுவாள். இருபதுக்கு வாங்கிக்கொண்டு, நம் சாமர்த்தியத்தை வீட்டில் வந்து சொல்லுவோம்.

அடுத்த வாரமே நாம் நகைக்கடைக்கும் போகிறோம். குளிரூட்டிய கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். குடிக்கக் குளிர்பானம் தருகிறார்கள். 2025-ஆம் ஆண்டிலேயே ஒரு சவரன் தங்கம் தொண்ணூறாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த விலையை வாய் திறவாமல் ஒப்புக்கொள்கிறோம். அதற்கு மேல் சீட்டில் இரண்டு சொற்கள் எழுதியிருக்கின்றன: செய்கூலி, சேதாரம். நகையைச் செய்ததற்குக் கூலி. செய்யும்போது தேய்ந்தும் சிந்தியும் போன தங்கத்துக்கு ஈடு. சங்கிலி பெரும்பாலும் இயந்திரத்தில் பின்னியதாக இருக்கும். ஆனாலும் கொடுக்கிறோம். மிஞ்சிப்போனால், 'சேதாரத்தில் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்' என்று பணிவாகக் கேட்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். இயந்திரம் செய்ததற்குச் செய்கூலி உண்டு. கை செய்ததற்குக் கிடையாது! பேருந்து நிலையத்தில் நாம் கொடுப்பது கம்பிக்கும் மணிக்கும் உள்ள விலையை மட்டுந்தான். கூலி என்று ஒன்று அதற்குள் இருக்கிறது என்ற நினைவே நமக்கு வருவதில்லை. சேதாரமோ அதைவிட மோசம். தங்கத்தில் உதிர்ந்த பொடிக்குக் கணக்கு இருக்கிறது. கம்பி கீறிய விரலுக்கும், மாலை வெளிச்சத்தில் ஊசித் துளையைத் தேடித் தேடி மங்கிய கண்ணுக்கும் சேதாரம் போடுகிற கடை எங்கே இருக்கிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்தின் வெள்ளிக் கொலுசுகளுக்கு நாடெங்கும் பெயர் உண்டு. வெள்ளியைக் கம்பியாக இழுப்பது ஓர் இடம். கண்ணி கோப்பது ஓர் இடம். பற்றவைப்பது ஓர் இடம். இந்த வேலைகளில் பல, வீட்டுக் கூடங்களிலும் திண்ணைகளிலும் நடக்கின்றன. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே கிடைக்கிற நேரத்தில் பெண்கள் உட்கார்ந்து செய்கிறார்கள். வீட்டில் செய்வதால் அதை வேலை என்றே பலர் நினைப்பதில்லை. 'சும்மா வீட்டில் இருக்கும் நேரத்தில் செய்வதுதானே?' என்கிறார்கள். சும்மா என்ற சொல் எவ்வளவு பொல்லாதது பாருங்கள்! குண்டனி நாட்டுச் சிறுமி 'சும்மாதாங்க' என்று சொன்னபோது அது ஒரு ராணியின் சொல்லாக இருந்தது. அதே சொல்லைக் கூலி கொடுக்க வேண்டியவர் சொல்லும்போது அது திருட்டாகிவிடுகிறது.

இந்த இரண்டு 'சும்மா'வுக்கும் நடுவே உள்ள வேறுபாடு என்ன? இங்கேதான் எனக்கு விடை கிடைத்ததாக நினைக்கிறேன். அந்தச் சிறுமியால் 'விற்கமாட்டேன்' என்று சொல்ல முடிந்தது. பேருந்து நிலையத்துப் பெண்ணால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இருவர் கையிலும் ஒரே கம்பிதான். இருவர் விரலிலும் ஒரே திறமைதான். ஒருத்தியின் வீட்டில் அன்று உலை கொதித்தது. வாசலில் மிளகு காய்ந்தது. ஆகவே நூறு ரூபாயை மறுக்கும் செல்வம் அவளிடம் இருந்தது. மற்றவளுக்குப் பொழுது சாய்வதற்குள் அரிசி வாங்க வேண்டும். 'வேண்டாம், போ' என்று சொல்லும் உரிமை அவளிடம் இல்லை. நாம் நாலடி நடந்து காட்டுவது அந்த இல்லாமையைத் தெரிந்துகொண்டுதான்.

ஓரியைக் கழைதின் யானையார் பாடிய புறநானூற்று 204-ஆம் பாட்டு இந்த இடத்தில் எனக்கு விளக்காக நிற்கிறது. இரப்பது இழிவு என்றும், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது அதைவிட இழிவு என்றும் அந்தப் புலவர் தராசு பிடிக்கிறார். பிறகு தட்டைத் திருப்பி, கொடுப்பது உயர்வு என்றும், கொடுத்ததை வேண்டாம் என்று மறுப்பது அதைவிட உயர்வு என்றும் சொல்கிறார். கொடுக்கும் வள்ளலைப் பார்த்து, உன்னைவிட உயர்ந்தவன் வாங்க மறுப்பவன் என்று ஒரு ஏழைப் புலவர் பாடியிருக்கிறார்! மறுக்க முடிகிறதே, அதுதான் மனிதனின் உயரம் என்பது அவர் கணக்கு.

அப்படியானால் நியாயமான விலை எது என்பதற்கும் ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. விற்கிறவர் 'முடியாது' என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்து, சொல்லாமல் சம்மதித்த விலைதான் நியாய விலை. சொல்ல முடியாத நிலையில் பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது.

'நாங்களும் மாதச் சம்பளக்காரர்கள்தானே? ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தானே செலவு செய்கிறோம்? பேரம் பேசுவது பாவமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேரம் பேசுவது பாவமன்று. மறுக்க முடிந்தவரிடம் தாராளமாகப் பேசலாம். நகைக்கடைக்காரர் மறுக்க முடிந்தவர். துணிக்கடைக்காரர் மறுக்க முடிந்தவர். வீட்டு மனை விற்பவர் நன்றாக மறுக்க முடிந்தவர். விநோதம் என்னவென்றால், அங்கெல்லாம் நமக்கு நாக்கு எழுவதில்லை. மறுக்க முடியாதவரைக் கண்டால்தான் நம் சாமர்த்தியம் விழித்துக்கொள்கிறது. இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். சிக்கனம் என்றால் அது தங்கத்தில் அல்லவா தொடங்க வேண்டும்?

இன்னொரு கேள்வியும் வரலாம். 'அப்படியென்றால் இரக்கப்பட்டு அதிகமாகக் கொடுத்துவிடலாமா?' கூடாது என்றே நினைக்கிறேன். இரக்கம் கொடுப்பவரை உயரத்தில் ஏற்றி, வாங்குபவரைக் கீழே உட்காரவைக்கிறது. அந்தப் பெண் நம்மிடம் தானம் கேட்கவில்லை, வேலையை விற்கிறாள். அவள் சொன்ன விலையை, நகைக்கடைச் சீட்டைப் பார்ப்பதுபோல் ஒரு முறை பார்த்து, பிடித்தால் கொடுத்து வாங்கலாம். பிடிக்காவிட்டால் வணக்கம் சொல்லி நகரலாம். கம்பிக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, அவள் செய்கூலி இவ்வளவு என்று மனத்துக்குள் ஒரு சீட்டு எழுதிப் பார்த்தாலே போதும். அவள் கேட்டது அதிகமில்லை என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். தள்ளுபடிக்கு இடமில்லாத மிகச் சிறிய சீட்டு அது.

செப்புக் காப்பு அணிந்தால் வாதநோய் தீரும் என்ற நம்பிக்கை நம் நாட்டிலும் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாத நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து, அதனால் குறிப்பிடத்தக்க நன்மை ஒன்றும் இல்லை என்று 2013-இல் வெளியிட்டார்கள். செம்பு மூட்டு வலியைத் தீர்க்கவில்லை. தங்கமும் எந்த நோயையும் தீர்ப்பதற்காக நம் பெட்டியில் பூட்டியிருக்கவில்லை. உலோகத்துக்குள் காக்கும் சக்தி ஒன்றும் இல்லை. அப்படியும் நம் முன்னோர்கள் அதற்குக் காப்பு என்று பெயரிட்டார்கள் என்றால், அவர்கள் பார்த்தது உலோகத்தை அன்று, பூட்டிவிட்ட கையை.

அந்தக் கையிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை இரண்டே வரியில் அடங்கிவிடும். வீட்டில் அன்புக்காகச் செய்ததற்கு விலை கேட்காதீர்கள். கேட்டால் ஓர் உறவின் கணக்கைத் தீர்த்துவிடுகிறீர்கள். தெருவில் வயிற்றுக்காகச் செய்ததற்கு விலையைக் குறைக்காதீர்கள். குறைத்தால் ஒருத்தியின் உலையிலிருந்து அரிசியை எடுத்துவிடுகிறீர்கள். எங்கே விலை கூடாது, எங்கே முழு விலை கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் உண்மையில் வியாபாரம் தெரியும். நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் கணக்குத் தணிக்கையாளர் அல்லவா, உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார். யோசிக்கட்டும்; நீங்களும் யோசியுங்கள். அடுத்த முறை பேருந்து நிலையத்தில் யாராவது ஒரு பெண் கம்பி வளையத்தை நீட்டும்போது, வாங்கிய பிறகு அதன் முனைகளை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். நம் பிள்ளையின் கையைக் கிழிக்காதபடி முன்பின் தெரியாத ஒருத்தி அவற்றை உள்ளே மடக்கி வைத்திருப்பாள்.